மூதாட்டியின் நட்சத்திரம் தெரியுமா?

திருவிழாக் காலத்தில் ஜொகூர் மாநிலத்துக் கோயில் எதற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் தலை நரைத்த மூதாட்டி ஒருவர் நிற்பார். சீட்டு எழுதுபவர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். மூத்த மகன் ரோகிணி, இளையவன் சுவாதி, மகள் உத்திரம், பேரன் பூசம், பேத்தி மகம், கடைசியாகப் பிறந்த கொள்ளுப்பேரன் திருவோணம் என்று மூதாட்டி தயங்காமல் அடுக்கிக்கொண்டே போவார். எந்தத் தாளையும் பார்த்துப் படிக்கமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கைநாட்டுக்காரராகவே இருந்தாலும், இருபது முப்பது பேரின் பிறந்த நாண்மீன் அவர் நெஞ்சில் அழியாமல் இருக்கும்.

அதே பேரனையும் பேத்தியையும் அழைத்து, "உங்கள் பாட்டியின் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். அவர் பிறந்த ஊர், எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார் என்பது, எத்தனை ஆண்டு மரம் வெட்டினார் என்பது, எத்தனை பிள்ளைகளைப் பெற்று எத்தனை பேரை மண்ணுக்குக் கொடுத்தார் என்பது ஆகியவையும் அப்படியே. குடும்பம் முழுவதையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவரைக் குடும்பத்தில் எவரும் முழுமையாக நினைவில் வைத்திருப்பதில்லை. தமிழர் இல்லங்களில் காலம் காலமாக நடந்துவரும் இந்த அநீதியைப் பற்றிச் சிந்திக்கத் திருவிழாவை விடப் பொருத்தமான வேளை வேறில்லை.

மறைவுக்குப் பின் மரியாதைக்குக் குறைவில்லை என்பது உண்மையே. நாளிதழ்களின் நினைவாஞ்சலிப் பக்கங்களைப் புரட்டினால் தோற்றமும் மறைவும் தேதியோடு அச்சாகியிருக்கும். படத்தின் கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப் பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை அவரால் உண்டானவர்களின் பெயர்கள். தோற்றத்துக்கும் மறைவுக்கும் இடையே அவர் வாழ்ந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதற்கு அங்கே ஒரு வரியும் இராது.

பெரிய பிராட்டியின் பெருவாழ்வு

நீண்ட நாள் வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவியை எவ்வாறு போற்றவேண்டும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஓர் உயர்ந்த சான்று உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சோழர் குடும்பத்தின் மூத்த அன்னையாக விளங்கிய செம்பியன் மாதேவியார்தாம் அச்சான்று. கல்கியின் பொன்னியின் செல்வனைப் படித்தோர்க்கும், 2022ஆம் ஆண்டில் அது திரைப்படமாக வந்தபோது கண்டோர்க்கும் அவர் புதியவர் அல்லர். எனினும் கதையில் வரும் அன்னையைக் காட்டிலும் கல்வெட்டில் வாழும் அன்னை இன்னும் பெரியவர்.

மழவரையர் குலத்தில் பிறந்து, சிவநேயச் செல்வரான கண்டராதித்த சோழருக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். தில்லைக் கூத்தப் பெருமான் மீது கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. கி.பி. 957ஆம் ஆண்டளவில் மன்னர் மறைந்தார். மகன் மதுராந்தகன் அப்போது சிறுவன். அரியணை கணவரின் தம்பியான அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அதன் பிறகே மாதேவியாரின் மகன் உத்தம சோழர் என்னும் பெயருடன் ஆட்சிக்கு வந்தார். அவருக்குப் பின் 985ஆம் ஆண்டில் சுந்தர சோழரின் இளைய மகனான இராசராசர் அரியணை ஏறினார். கணவர், கொழுந்தனார், கொழுந்தனார் மகன், தம் மகன், பேரன் முறையான இராசராசர் என ஐவரின் ஆட்சியை அந்த ஒரே அன்னையின் கண்கள் கண்டன.

அக்குடும்பத்தில் அரச உரிமை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கும், அங்கிருந்து மீண்டும் முதற்கிளைக்கும் மாறிச் சென்றது. இத்தகைய மாற்றங்களில் மூத்தோர் ஒதுக்கப்படுவதே உலக வழக்கு. ஒரு துண்டு நிலத்துக்காகவும் ஒரு வீட்டுக்காகவும் தாயைப் பந்தாடும் பிள்ளைகள் இக்காலத்தில் இல்லாமலில்லை. ஆனால் செம்பியன் மாதேவியாருக்கு அந்நிலை நேரவில்லை. இராசராசர் காலத்திலும் அவர் பெயரில் திருப்பணிகள் நடந்தன, கொடைகள் தொடர்ந்தன. 1001ஆம் ஆண்டளவு வரை அவர் பெயர் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கிறது. கைம்மை எய்தியபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அவ்வளவு காலத்தையும் ஆலயப் பணிக்கே ஈந்தவர் அவர்.

கற்றளியும் கல்லெழுத்தும்

செங்கல்லால் கட்டப்பட்டிருந்த பழைய தளிகளை அவர் கற்றளிகளாக்கினார். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம், திருக்கோடிகாவல், தென்குரங்காடுதுறை, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் ஆகியன அவற்றுட் சில. திருமுதுகுன்றத்தில் அம்பிகைக்கு விருத்தாம்பிகை என்றே திருப்பெயர். முதுமையையும் அம்பிகையின் திருக்கோலமாகக் கண்டு வணங்கிய சமயம் சைவம் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். கூத்தப் பெருமானின் திருவுருவம் கோயிற் புறச்சுவர் மாடத்தில் இடம்பெறும் வழக்கம் இவர் எடுப்பித்த தளிகளின் வழியாகவே பரவியது என்பது கலை வரலாற்று அறிஞர்களின் கருத்து.

இவற்றுள் இரண்டு செய்திகள் இன்றைய ஆலயப் புரவலர்களும் அறங்காவலர்களும் உற்றுநோக்க வேண்டியவை.

முதலாவது, கோனேரிராசபுரத்துச் சுவரில் உள்ள புடைப்புச் சிற்பம். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அக்கோயிலைத் தம் கணவர் திருநாமத்தால் மாதேவியார் எடுப்பித்தார் என்று அதன் கீழுள்ள கல்வெட்டு கூறுகிறது. கணவர் பெயரால் செய்தார். எனினும் செய்தவர் பெயர் மறைக்கப்படவில்லை. இருவர் பெயரும் ஒரே கல்லில் நிற்கின்றன.

இரண்டாவது, திருக்கோடிகாவல். அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த முந்தையோர் கொடைச் செய்திகளை அவர் வீசி எறியச் செய்யவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார். தமக்கு முன் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தோரும் நிலம் கொடுத்தோரும் தம் திருப்பணியால் மறக்கப்படக்கூடாது என்று எண்ணிய உள்ளம் அது. அரசியாக இருந்தும் தம் பெயரை மட்டும் பொறித்து நிறுத்திக்கொள்ளாத பண்பு இதனால் விளங்குகிறது.

மருமகள்கள் செய்த மாண்பு

அந்த அன்னையைக் குடும்பம் எப்படிப் போற்றியது? நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலில் உத்தம சோழரின் தேவியர், அதாவது மாதேவியாரின் மருமகள்கள், அறக்கட்டளைகள் ஏற்படுத்தினர். மாமியாரின் பிறந்த நாளாகிய சித்திரைக் கேட்டையில் சிறப்பு வழிபாடு நடைபெற வேண்டும் என்பதே நோக்கம்.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உத்தம சோழரின் ஆட்சி 985ஆம் ஆண்டில் முடிந்தது. அவர் ஆட்சியில் இக்கொடைகள் வழங்கப்பட்டபோது மாதேவியார் உயிரோடு இருந்தார். அதன் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார். எனவே மருமகள்கள் கொண்டாடியது மறைந்தவரின் திதியை அன்று. வாழ்ந்துகொண்டிருந்த மூத்தவரின் பிறந்த நட்சத்திரத்தையே அவர்கள் விழாவாக்கினர். மாமியாரின் நட்சத்திரத்தை அறிந்து, அதைக் கல்லிலும் ஏற்றி, அவர் காதால் கேட்கவும் கண்ணால் காணவும் அவருக்குப் பெருமை செய்தனர். அதனாற்றான் ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவர் கேட்டை நட்சத்திரத்தில் பிறந்தவர் என்பது உலகிற்குத் தெரிகிறது.

மறைவுக்குப் பின்னும் குடும்பம் மறக்கவில்லை. கொள்ளுப்பேரன் முறையினரான இராசேந்திர சோழர், 1019ஆம் ஆண்டளவில் அதே ஊர்க் கோயிலில் மாதேவியாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கு வகை செய்தார். 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பியவராக மலேசியத் தமிழர் அறிந்திருக்கும் அதே இராசேந்திரர்தாம் அவர். கடல் கடந்த பெயருக்கு முன்னரே கொள்ளுப்பாட்டிக்குச் செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்திருந்தார். மாதேவியாரின் சாயலில் அமைந்தது என்று அறிஞர் பலர் கருதும் எழிலார்ந்த செப்புத் திருமேனி ஒன்று வாசிங்டன் நகரின் பிரீர் கலைக்கூடத்தில் உள்ளது.

அரசிக்கு மட்டுமா இந்தச் சிறப்பு?

"அவர் அரசி, பொன்னும் பொருளும் இருந்தன, கல்லில் எழுதினார்கள். பால்மரக் காட்டில் உழைத்த பாட்டிக்கு என்ன வரலாறு?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்த வினாவே வேதனை தருவதாகும். ஜொகூர் மண்ணில் நீண்ட வாழ்வு வாழ்ந்த தமிழ் மூதாட்டியரின் கதை எந்த அரசியின் கதைக்கும் இளைத்ததன்று.

1909ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றபின் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களோடு பெண்களும் கப்பலேறினர். விடியுமுன் எழுந்து உலை வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, மாலையில் மீண்டும் அடுப்படிக்குத் திரும்பியவர்கள் அவர்கள். 1938ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலுக்கு ஆளனுப்புவதை இந்திய அரசு தடுத்ததும், தாய்வீட்டோடு பலருக்கு இருந்த போக்குவரத்து மெல்லக் குறைந்தது.

1942ஆம் ஆண்டு சனவரியில் போர் ஜொகூருக்குள் நுழைந்தது. கிம்மாசிலும் மூவாரிலும் சண்டை நடந்தது. அம்மாத இறுதியில் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கிப் பாலத்தைத் தகர்த்தன. அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகளில் அரிசி கண்ணிற் படாமற் போயிற்று. மரவள்ளிக்கிழங்கே உணவு; சாக்குத் துணியே உடை. 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. போனவர் இறந்தாரா, இருக்கின்றாரா என்று தெரியாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று புரியாமல், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பெண்கள் எத்தனை பேர்! கணவரின் பெயரைக் கல்லில் பொறிக்கச் செம்பியன் மாதேவியாருக்கு ஒரு கோயில் இருந்தது. இவர்களுக்குக் கணவரின் புதைகுழி எங்கே என்றுகூடத் தெரியாது.

போர் முடிந்து மூச்சுவிடுமுன் 1948ஆம் ஆண்டில் அவசரகாலம் வந்தது. அது 1960ஆம் ஆண்டு வரை நீடித்தது. லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நிலவின. 1957ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் ஊர் திரும்பினர். குடும்பங்கள் பிரிந்தன. தங்கியவர்கள் தோட்டத்திலேயே பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தனர். இத்தனையையும் கடந்து கொள்ளுப்பேரனைக் கையில் ஏந்தியவரின் வாழ்வு எழுதத் தகாததா?

"குடும்பத்தினர்" என்ற சொல்லுக்குள் மறைந்தவர்

ஆலயங்களுக்கும் இதில் பங்குண்டு. ஜொகூர் பாரு நகரில் 1911ஆம் ஆண்டில் தோன்றிய அருள்மிகு இராஜமாரியம்மன் தேவஸ்தானம் முதல், 1922ஆம் ஆண்டில் சிறு குடிலாகத் தொடங்கி இன்று கண்ணாடிக் கோயிலாக ஒளிரும் அருள்மிகு இராஜகாளியம்மன் ஆலயம் வரை, இம்மாநிலத்துக் கோயில்கள் எளிய மக்களின் பக்தியால் உயர்ந்தவை. தோட்டத்துக் கோயில்களோ நாட்கூலியிலிருந்து எடுத்துவைத்த காசால் எழுந்தவை. அந்தக் காசில் பாதி பெண்களின் உழைப்பு. கோலமிட்டவர், மாவிளக்கு இடித்தவர், முளைப்பாரி வளர்த்தவர், கும்மிப்பாட்டை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர், திருவிழாவன்று நூறு பேருக்கு உலை வைத்தவர் அனைவரும் அவர்களே.

ஆனால் உபயப் பலகைகளைப் பாருங்கள். "திரு. இன்னார் குடும்பத்தினர்" என்று பளிங்கில் பொறித்திருக்கும். அந்தக் "குடும்பத்தினர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு பெருவாழ்வு பெயரின்றி மறைந்துகிடக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோனேரிராசபுரத்துக் கல் இருவர் பெயரையும் தாங்கியது. இன்றைய பளிங்கால் அது இயலாதா?

இன்னொரு கவலையும் உண்டு. தோட்டங்கள் செம்பனையாக மாறின, பல துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. கோயில்கள் இடம் மாறுகின்றன, புதுப்பிக்கப்படுகின்றன, குடமுழுக்குக் காண்கின்றன. இவை மகிழ்ச்சிக்குரியவை. எனினும் பழைய தகரக் கொட்டகை இறங்கும்போது, அதில் மாட்டியிருந்த பழைய பெயர்ப் பலகைகளும், மங்கிய நிழற்படங்களும், கணக்குப் புத்தகங்களும் குப்பையோடு போய்விடக்கூடும். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் அமைத்து இறைவனின் அருளாற்றலை ஓரிடத்தில் பாதுகாத்து வைப்பது ஆகம மரபு. மக்களின் நினைவுக்கும் அத்தகைய பாலாலயம் ஒன்று தேவை. திருக்கோடிகாவலில் நடந்தது அதுவே.

செய்யத் தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் திருப்பணிக்கு முன் பழைய பலகைகளைப் படமெடுத்து, பெயர்களைப் படியெடுத்து, புதிய மண்டபத்தின் ஒரு சுவரில் அவற்றுக்கு இடம் தரலாம். உபயகாரர்கள் தங்கள் பெயரோடு தாய் பெயரையும் பாட்டி பெயரையும் தனித்தனியே எழுதும்படி கேட்கலாம். ஆண்டுக்கொரு நாள், சித்திரைக் கேட்டையிலேயே ஆயினும், அவ்வட்டாரத்து மூத்த பெண்மணிகளை அழைத்து, அவர்கள் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து, சேலை அளித்து, அவர்கள் பேசுவதை இளையோர் பதிவு செய்யலாம். கடலுக்கு அப்பால், பாலத்தின் மறுகரையில், சிங்கப்பூர் 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றைத் திரட்டத் தொடங்கிவிட்டது. அங்கு அரசு செய்வதை இங்கு ஆலயமும் குடும்பமும் செய்ய எந்தத் தடையும் இல்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது.

கேட்க வேண்டிய வினாக்களும் எளியவை. பிறந்த ஊர் எது? எந்தக் கப்பலில் யாரோடு வந்தீர்கள்? இங்கேயே பிறந்தவர் எனில், பேறு பார்த்த மருத்துவச்சி யார்? ஜப்பான்காரன் காலத்தில் என்ன உண்டீர்கள்? தோட்டத்துக் கோயிலில் முதல் தீமிதி எப்போது? எந்தத் தாலாட்டைப் பாடிப் பிள்ளைகளை உறங்க வைத்தீர்கள்? 1930களில் பிறந்தோர் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ நிற்கின்றனர். போர்க்காலத்தைக் கண்ணால் கண்டு சொல்லவல்ல கடைசித் தலைமுறை அதுவே. அடுத்த திருவிழாவுக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்போர்க்கு அடுத்த திருவிழாவில் பதில் சொல்ல ஆளிருக்காது போகலாம்.

"ஆலயம் இறைவனுக்குரியது, மனிதரைப் புகழும் இடமன்று" என்பார் உண்டு. அக்கருத்தில் நியாயம் இருக்கிறது. வெற்றுப் புகழ்ச்சி தேவையில்லை. ஆனால் அடியாரைப் போற்றுவது ஆண்டவனைப் போற்றுவதே என்பது சைவத்தின் உயிர்நிலை. காரைக்காலில் வணிகர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணை இறைவனே அம்மை என அழைத்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. அறுபத்து மூவர் வரிசையில் அமர்ந்த கோலத்தில் அவரை வணங்கும் சமயத்தார், தம் வீட்டு அம்மையின் பெயரை ஆலயச் சுவரில் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

"பழைய துன்பங்களை ஏன் கிளறவேண்டும்?" என்பாரும் உண்டு. சில மூதாட்டியர் பேச விரும்பமாட்டார்கள். அவர்கள் மௌனத்தையும் மதிக்க வேண்டும். ஆயினும் பலர் பேசாமலிருப்பதற்குக் காரணம் வேறு. அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. பக்கத்தில் அமர்ந்து கேட்டால் ஒரு பிற்பகல் முழுதும் சொல்வார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியே, கேட்டவர் பெறும் அருட்பிரசாதம்.

மறைந்தபின் படத்துக்கு இடும் மாலையை அவர்கள் காணப்போவதில்லை. கருமாதிப் பந்தலில் பேசும் புகழுரையைக் கேட்கப்போவதுமில்லை. செம்பியன் மாதேவியாரின் மருமகள்கள் அவர் வாழும்போதே கேட்டை நாளைக் கொண்டாடினர். அந்த முறையே முறை.

இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துவரும் பேரனும் பேத்தியும் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் ஒரு மாறுதலைச் செய்யட்டும். பட்டியலைச் சொல்லும் வேலையை இம்முறை அவர்கள் ஏற்கட்டும். முதற்பெயராகப் பாட்டியின் பெயரைச் சொல்லட்டும். அவர் நட்சத்திரத்தையும் சொல்லட்டும். அது தெரியாவிடில், அவர் பக்கம் திரும்பி அங்கேயே கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு குடும்பத்தின் வரலாறு தொடங்கும். அன்னை பராசக்தியின் திருவருள் அதற்குத் துணைநிற்கும்.